நிறுவனத்தின் தகவலை நிர்வகிக்க எந்தப் பயிற்சி தேவை?

கிண்டியில் இயங்கும் ஓர் உற்பத்தி நிறுவனத்தின் நிர்வாகப் பிரிவில் 14 ஆண்டுகளாகப் பணியாற்றும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. தாள் கோப்புகள், கணினிக் கோப்புகள், மின்னஞ்சல்கள் ஆகிய அனைத்தையும் ஒழுங்குபடுத்தும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. பயிற்சிக்கான செலவை நிறுவனம் ஏற்கும். மென்பொருள் விற்பவர்கள் தரும் இரண்டு நாள் பயிற்சி போதுமா, வெளிநாட்டுச் சான்றிதழ் வேண்டுமா, தாம் பி.காம். மட்டுமே படித்திருப்பதால் இந்த வேலை நூலக அறிவியல் படித்தவர்களுக்கே உரியதாகிவிடுமா என்று அவர் அறிய விரும்புகிறார்.

இரண்டு நாள் பயிற்சி போதாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓர் ஆவணத்தை எப்படி ஏற்றுவது, எப்படித் தேடுவது, யார் யாருக்குப் பார்க்கும் அனுமதி தருவது என்பவற்றை அந்தப் பயிற்சி நன்றாகவே கற்றுத்தரும். ஆனால் எதை ஏற்ற வேண்டும், ஒரே தாளின் நான்கு நகல்களில் எது அதிகாரபூர்வமானது, அதை எந்த ஆண்டுவரை வைத்திருக்க வேண்டும், காலம் முடிந்ததும் யார் கையெழுத்தின் பேரில் அழிக்க வேண்டும் என்ற கேள்விகளுக்கு மென்பொருளிடம் பதில் இல்லை. உங்களிடம் வந்திருக்கும் பொறுப்பு இந்தக் கேள்விகள்தான். இவற்றுக்கு விடை காணும் திறனை வளர்க்காத பயிற்சிக்கு, அது எவ்வளவு பெயர்பெற்றதாக இருந்தாலும், பணம் கட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இந்தத் திறன் நம் ஊருக்குப் புதியதன்று. தமிழ்நாடு அரசு அலுவலகம் ஒன்றிலிருந்து வந்த பழைய கடிதம் ஏதேனும் வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள், மேலே ந.க.எண் (நடப்பில் உள்ள கோப்பின் எண்) என்றோ மூ.மு.எண் என்றோ ஓர் எண் இருக்கும். ஓ.மு. என்றால் ஓராண்டு முடிவு, மூ.மு. என்றால் மூன்றாண்டு முடிவு, ப.மு. என்றால் பத்தாண்டு முடிவு, நி.மு. என்றால் நிரந்தர முடிவு. ஒரு கோப்பை முடித்துவைக்கும் அன்றே, அது பதிவறையில் எத்தனை ஆண்டு இருக்க வேண்டும் என்பது தீர்மானிக்கப்பட்டு, அந்தத் தீர்மானம் கோப்பின் எண்ணோடு சேர்ந்துவிடுகிறது. பின்னால் வரும் பதிவறை எழுத்தர் கோப்பைப் பிரித்துப் படித்து யோசிக்க வேண்டியதில்லை. அரசுப் பணியில் சேரும் இளநிலை உதவியாளர்களுக்குப் பவானிசாகரில் உள்ள பயிற்சி நிலையத்தில் அலுவலக நடைமுறை பாடமாகவே நடத்தப்படுகிறது. தனியார் நிறுவனங்களில் இதற்கு இணையான ஏற்பாட்டை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். கணக்குப் பிரிவுக்கு வருபவர் டேலி தெரிந்து வருகிறார், மனிதவளப் பிரிவுக்கு வருபவர் தொழிலாளர் சட்டம் தெரிந்து வருகிறார். ஒரு கோப்பை எப்படி முடித்துவைப்பது என்பதை மட்டும் யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை.

சென்னை நிறுவனங்களில் இந்தப் பயிற்சியை நடத்தும்போது முதல் நாள் காலையில் நான் திரையில் எதையும் காட்டுவதில்லை. முந்தைய ஆண்டில் நடந்த ஒரே ஒரு கொள்முதலைத் தேர்ந்தெடுத்து, அதற்குரிய எல்லாவற்றையும் மேசைமேல் கொண்டுவரச் சொல்வேன். அம்பத்தூரில் உள்ள ஒரு வாகன உதிரிபாக நிறுவனத்தில் ஒரு பேரிங் கொள்முதலை எடுத்துக்கொண்டோம். இண்டென்ட், அதாவது பொருள் வேண்டும் என்று கேட்கும் சீட்டு, ஸ்டோர்ஸில், கார்பன் தாள் வைத்து எழுதிய புத்தகத்தில் இருந்தது. மூன்று கொட்டேஷன்களில் இரண்டு கொள்முதல் அலுவலரின் மின்னஞ்சலில் இருந்தன. மூன்றாவது அவருடைய சொந்தக் கைப்பேசியில் வாட்ஸ்அப் படமாக இருந்தது. விலை ஒப்பீட்டுப் பட்டியல் ஷேர்டு டிரைவில் ஃபைனல், ஃபைனல் நியூ, ஃபைனல் சைன்டு என்று மூன்று பெயர்களில் கிடந்தது. மேலாளரின் ஒப்புதல் வாட்ஸ்அப் குழுவில் ‘ஓகே, ப்ரொசீட்’ என்ற இரண்டு சொற்களாக இருந்தது. பி.ஓ. எனும் கொள்முதல் ஆணை மென்பொருளிலும், அதன் கையெழுத்திட்ட பிரதி கணக்குப் பிரிவிலும், ஜி.ஆர்.என். (சரக்கு வந்துசேர்ந்ததற்கான குறிப்பு), இன்வாய்ஸ், இ-வே பில் (சரக்கை ஏற்றிச்செல்வதற்கான மின்னணுச் சீட்டு) ஆகியவை வவுச்சரோடு சேர்த்துக் குத்தப்பட்டு ஒரு பாக்ஸ் ஃபைலிலும் இருந்தன. இவற்றையெல்லாம் ஒரே மேசைக்குக் கொண்டுவர நான்கு பேருக்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. ஒப்பீட்டுப் பட்டியலின் மூன்று வடிவங்களில் ஒன்றில் விலை மாறியிருந்தது. மேலாளர் எந்தப் பட்டியலைப் பார்த்து ஒப்புதல் தந்தார் என்பதை அந்த அறையில் இருந்த யாராலும், அந்த மேலாளராலும்கூட, உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அந்த இடத்தில்தான் பாடம் தொடங்குகிறது. தகவல் வேறு, ஆவணம் வேறு. ஆவண மேலாண்மைக்கான பன்னாட்டுத் தரமான ஐ.எஸ்.ஓ. 15489, 2001-ல் முதலில் வெளியாகி 2016-ல் திருத்தப்பட்டது. ஒரு நிறுவனம் தன் அலுவலின் போக்கில் உருவாக்கி அல்லது பெற்று, சான்றாகவும் சொத்தாகவும் காத்துவைக்கும் தகவலையே அது ஆவணம் என்கிறது. கொட்டேஷனில் உள்ள விலை ஒரு தகவல். அந்த விலையை ஏற்று இன்னார் இன்ன நாளில் முடிவெடுத்தார் என்பதற்குச் சான்றாக நிற்பது ஆவணம். இந்த வரையறைப்படி பார்த்தால் வாட்ஸ்அப்பில் கிடக்கும் அந்த இரண்டு சொற்கள் முழு ஆவணம். ஷேர்டு டிரைவில் உள்ள மூன்று ஒப்பீட்டுப் பட்டியல்களில் குறைந்தது இரண்டு வெறும் வரைவு. ஆனால் அந்த நிறுவனத்தில் வரைவுகளுக்கு ஒவ்வோர் இரவும் பேக்கப் எடுக்கப்பட்டது. ஒப்புதலோ ஒருவர் கைப்பேசியை மாற்றினால் தொலைந்துபோகும் நிலையில் இருந்தது. பங்கேற்பவர்கள் இதைத் தங்கள் சொந்தத் தாள்களில் கண்ணால் பார்த்துவிட்டால், அதன்பின் வாட்ஸ்அப் ஒப்புதலை மின்னஞ்சலில் உறுதிப்படுத்தி உரிய பி.ஓ.வுடன் சேர்க்க வேண்டும் என்ற விதியை அவர்களே எழுதிவிடுகிறார்கள்.

அடுத்து, எவ்வளவு காலம் வைத்திருப்பது என்ற கேள்வி. பயிற்சியில் மிக அதிக நேரம் செலவிட வேண்டியது இதற்குத்தான். தொழிலில் ரிடென்ஷன் ஷெட்யூல் என்று சொல்லப்படும் காலவரை அட்டவணையை ஆயத்தமாகத் தருவதாகச் சொல்லும் பயிற்சிகள் உண்டு. அந்த அட்டவணை வேறொருவருடைய நிறுவனத்துக்குப் பொருந்துவதாக இருக்கும். நீங்களே கணக்கிடக் கற்றுக்கொள்வதுதான் பயன் தரும். எடுத்துக்காட்டாக, 2023-24 நிதியாண்டின் ஒரு விற்பனை இன்வாய்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-ஆம் பிரிவு, அந்த ஆண்டுக்கான வருடாந்திர ரிட்டர்ன் தாக்கல் செய்யக் கெடு முடியும் நாளிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்கச் சொல்கிறது. அந்தக் கெடு 2024 டிசம்பர் 31. ஆகவே 2030 டிசம்பர் 31 வரை. கம்பெனிகள் சட்டம் 2013-இன் 128-ஆம் பிரிவு, நடப்பு நிதியாண்டுக்கு முந்தைய எட்டு நிதியாண்டுகளின் கணக்குப் புத்தகங்களை வவுச்சர்களோடு வைத்திருக்கச் சொல்கிறது. அதன்படி 2032 மார்ச் 31 வரை. இரண்டில் பிந்தையதே உங்கள் நாள். அந்த இன்வாய்ஸ் குறித்து மேல்முறையீடோ விசாரணையோ நிலுவையில் இருந்தால், இறுதி முடிவு வந்து ஓராண்டு கழியும்வரை ஜி.எஸ்.டி. சட்டப்படி அதைத் தொடக்கூடாது. எனவே அட்டவணையில் எந்த ஆண்டு எழுதியிருந்தாலும், வழக்குத் தொடர்பான கோப்புகளை அழிக்காமல் நிறுத்திவைக்கும் அதிகாரம் யாருக்கு, அந்தத் தகவல் பதிவறைக்கு எப்படி வந்து சேரும் என்பதையும் வகுக்க வேண்டும்.

சட்டம் சொல்வது குறைந்தபட்சக் காலம் மட்டுமே. வாகன உதிரிபாகத் தொழிலில் இருப்பவர்களுக்கு ஐ.ஏ.டி.எஃப். 16949 தரம் வேறொரு கணக்கு வைத்திருக்கிறது: பி.பி.ஏ.பி. ஒப்புதல்கள் (ஒரு பாகத்தை உற்பத்தி செய்ய வாடிக்கையாளர் தரும் ஒப்புதல்கள்), டூலிங் பதிவுகள், வடிவமைப்புப் பதிவுகள் ஆகியவை, அந்தப் பாகம் உற்பத்திக்கும் சர்வீஸுக்கும் தேவைப்படும் காலம் முழுவதும், அதற்கு மேல் ஒரு நாட்காட்டி ஆண்டும் இருக்க வேண்டும். ஒரு வண்டி சாலையில் ஓடும் காலத்தை நினைத்துப் பார்த்தால், எட்டு ஆண்டுக் கணக்கு இங்கே உதவாது என்பது புரியும்.

ஊதியப் பதிவேடுகளில் இன்னும் நீண்ட பார்வை வேண்டும். 1995-ஆம் ஆண்டு ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில் உயர் ஓய்வூதியம் பெறுவது குறித்து உச்ச நீதிமன்றம் 2022 நவம்பர் 4 அன்று தீர்ப்பளித்த பிறகு, விண்ணப்பித்த ஊழியர்களின் ஊதிய விவரங்களைப் பல ஆண்டுகள் பின்னோக்கிச் சென்று நிறுவனங்கள் தர வேண்டியதாயிற்று. அந்த மாதங்களில் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், தாம் 1998-ல் வாங்கிய சம்பளச் சீட்டுகளை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு, தாம் முன்பு பணியாற்றிய அலுவலகத்துக்கு வந்து நின்றதை நான் பார்த்தேன். அந்த நிறுவனம் தன் சம்பளப் பதிவேடுகளை எட்டு ஆண்டுக் கணக்கில் பழைய தாள் வியாபாரியிடம் போட்டிருந்தது. சட்டத்தை மீறியதாக அவர்களைச் சொல்ல முடியாது; ஆனால் ஊழியரின் உரிமை எத்தனை ஆண்டு கழித்தும் எழலாம் என்பதை யோசித்து அட்டவணை போட அங்கே ஒருவரும் பயிற்றுவிக்கப்படவில்லை. அவர் கொண்டுவந்த சீட்டுகள்தான் அவருக்கு உதவின.

இதைக் கேட்டதும் எல்லாவற்றையும் என்றென்றும் வைத்துக்கொள்வதே பாதுகாப்பு என்று தோன்றலாம். பயிற்சிக்கு வருபவர்களில் பெரும்பாலோர் அப்படித்தான் சொல்கிறார்கள். தனிநபர் தரவைப் பொறுத்தவரை அந்த வழி இனி அடைக்கப்படுகிறது. மின்னணு வடிவிலான தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் நிறைவேறியது, அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன, முதன்மையான கடமைகள் அதிலிருந்து 18 மாதங்களில் நடைமுறைக்கு வருகின்றன. எந்த நோக்கத்துக்காகத் தரவு பெறப்பட்டதோ அந்த நோக்கம் முடிந்ததும், வேறொரு சட்டம் வைத்திருக்கச் சொன்னால் தவிர, அதை அழிக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். தக்க பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் தரவு கசிந்தால் அபராதம் 250 கோடி ரூபாய்வரை போகலாம். உங்கள் மனிதவளப் பிரிவின் டிரைவைத் திறந்து பாருங்கள். நேர்காணலுக்கு வந்து வேலை கிடைக்காமல் போனவர்களின் ஆதார் நகல்கள், மதிப்பெண் சான்றிதழ்கள், பான் கார்டு படங்கள் ஆண்டு ஆண்டாகக் குவிந்திருக்க வாய்ப்பு மிகுதி. அவற்றைக் காத்துவைக்க உங்களுக்கு எந்தக் காரணமும் இல்லை. எதை, எந்த நாளில், யார் ஒப்புதலோடு, எந்த முறையில் அழித்தோம் என்று ஒரு பதிவேட்டில் எழுதி அழிக்கக் கற்பதும் இந்தப் பயிற்சியின் பகுதி. அந்தப் பதிவேடு மட்டும் நிரந்தரமாக இருக்க வேண்டும்.

நூலக அறிவியல் பற்றிய கேள்விக்கு வருகிறேன். இந்தத் துறைக்கு நம் நாட்டில் அடித்தளம் இட்ட எஸ்.ஆர். ரங்கநாதன், சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற பிறகே லண்டன் சென்று நூலகவியல் பயின்றார். 1929-ல் சென்னை நூலகச் சங்கத்தின் சார்பில் அவர் தொடங்கிய பயிற்சி வகுப்பை 1931-ல் பல்கலைக்கழகம் ஏற்று நடத்தியது. கணித ஆசிரியருக்கு வந்த இந்தத் துறை பி.காம். படித்தவருக்கு வராமல் போகாது. கணக்குத் தெரிந்தவர்களுக்கு வவுச்சரின் பாதை தெரியும் என்பதால் உங்களுக்கு அது கூடுதல் வசதி. ஆனால் ரங்கநாதனிடமிருந்து நாம் கட்டாயம் கற்க வேண்டிய ஒன்று உண்டு. 1933-ல் வெளியான அவருடைய கோலன் பகுப்பு முறை, ஒரு பொருளைப் பல முகங்களாகப் பிரித்துப் பார்க்கிறது. நம் ஃபோல்டர் பிரச்சினைக்கு நேரான தீர்வு அதில் இருக்கிறது. ஓர் இன்வாய்ஸைக் கணக்குப் பிரிவு மாதவாரியாக வைக்கிறது, கொள்முதல் பிரிவு விற்பனையாளர் பெயரில் வைக்கிறது, திட்டப் பிரிவு திட்டத்தின் பெயரில் வைக்கிறது. ஒவ்வொருவரும் தமக்கென ஒரு நகல் எடுத்துக்கொள்ள, ஒன்று மூன்றாகிறது. எந்த ஃபோல்டர் அமைப்பு சரி என்று இவர்கள் கூட்டம் போட்டு விவாதித்தால் முடிவுக்கு வர முடியாது, ஏனென்றால் மூன்றும் அந்த இன்வாய்ஸின் உண்மையான முகங்கள். கோப்பை ஒரே இடத்தில் வைத்து, விற்பனையாளர், நாள், திட்டம், ஆவண வகை ஆகிய முகங்களை அதன் விவரக் குறிப்பில் தனித்தனிப் புலங்களாகப் பதிந்துவிட்டால் மூவரும் தத்தம் வழியில் வந்து அதே கோப்பைக் காண்பார்கள். மென்பொருள் பயிற்சிக்குப் போகும் முன் இந்தப் புலங்கள் எவை என்று நீங்கள் முடிவு செய்திருந்தால், அந்த இரண்டு நாள் பயிற்சியும் பயனுள்ளதாகிவிடும்.

மின்னணு ஆவணங்களின் நம்பகத்தன்மை குறித்துச் சுருக்கமாகச் சொல்கிறேன். கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில், யார் எப்போது எதைத் திருத்தினார் என்ற எடிட் லாக் இருக்க வேண்டும் என்பது 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாயம். அதை யாரும் அணைத்துவைக்கக் கூடாது. நீதிமன்றத்தில் மின்னணு ஆவணத்தைச் சான்றாகத் தர, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவுப்படி ஒரு சான்றிதழ் வேண்டும். அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பையும், அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் கைரேகை போன்ற குறியீட்டையும், குறிப்பிட வேண்டும். ஒரு கோப்புக்கு ஹாஷ் மதிப்பு எடுத்து, அதில் ஒரே ஓர் எழுத்தை மாற்றி மீண்டும் எடுத்துப் பார்க்கும் பத்து நிமிடப் பயிற்சியைத் தரும் வகுப்பைத் தேர்ந்தெடுங்கள். அதன்பின் ஸ்கேன் செய்த கோப்பைத் திறந்து மீண்டும் சேமிக்கும் பழக்கம் தானாகவே நின்றுவிடும்.

தாளை மறந்துவிடவும் கூடாது. கம்பெனிகள் சட்டம் வவுச்சர்களை நல்ல நிலையில் வைத்திருக்கச் சொல்கிறது. பெட்ரோல் பங்க் பில், சுங்கச்சாவடி ரசீது ஆகியவை வெப்பத்தில் அச்சாகும் தாளில் வருபவை. நம் ஊர் வெயிலில், மேல்மாடியில் உள்ள ரெக்கார்டு ரூமில், இரண்டு கோடைகளுக்குள் எழுத்து மறைந்து, வவுச்சரில் வெற்றுத்தாள் மட்டும் குத்தியிருக்கும். வந்த வாரத்திலேயே அவற்றை ஸ்கேன் செய்துவிட வேண்டும். தரைத்தளத்தில் உள்ள அறைக்கு வேறு ஆபத்து. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு நான் உதவப் போன ஓர் அலுவலகத்தில், அடித்தட்டில் இருந்த ஃபைல்கள் ஊறிப் பெருத்து ரேக்கை விட்டு வெளியே வராமல் இறுகியிருந்தன. நல்லெண்ணத்தோடு ஒருவர் அவற்றைப் பிரித்து வெயிலில் காயவைத்தார்; தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிழிந்தன. ஈரமான தாளில் 48 மணி நேரத்தில் பூஞ்சை படரத் தொடங்கிவிடும் என்பதால், உடனே காயவைக்க முடியாதவற்றை அப்படியே குளிர்பதனக் கிடங்கில் உறையவைத்து, பிறகு சிறிது சிறிதாக எடுத்துக் காயவைப்பதே முறை. இது தெரிந்த ஒருவர் அங்கே முன்பே இருந்திருந்தால் பாதியாவது தப்பியிருக்கும். அடித்தட்டு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதை இன்றே பார்த்துவிடுங்கள்.

சான்றிதழ்களைப் பொறுத்தவரை, உங்கள் நிலையில் முதல் ஆண்டில் எதுவும் தேவையில்லை என்பது என் கருத்து. ஆவண மேலாளர்களுக்குச் சான்றளிக்கும் ஐ.சி.ஆர்.எம். அமைப்பு தரும் சி.ஆர்.எம். (சான்றுபெற்ற ஆவண மேலாளர்) தகுதி ஆவண மேலாண்மையில் மதிப்புமிக்கது. ஆறு பகுதிகளாகத் தேர்வு எழுத வேண்டும், பணி அனுபவமும் காட்ட வேண்டும். தகவல் மேலாண்மைச் சங்கமான ஏ.ஐ.ஐ.எம். தரும் சி.ஐ.பி. (சான்றுபெற்ற தகவல் வல்லுநர்) ஒரே தேர்வு, மின்னணுத் தகவலில் அதன் பார்வை விரிந்தது. தரவு மேலாண்மை வல்லுநர்களின் டாமா அமைப்பு தரும் சி.டி.எம்.பி. சான்றிதழ், தரவுத்தளங்களோடு வேலை செய்பவர்களுக்கு உரியது. வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்குப் பணியாற்றும் ஐ.டி. நிறுவனங்களுக்கு மாற விரும்பினால் இவை உதவும். ஆனால் இவற்றின் பாடத்தில் ஜி.எஸ்.டி.யோ கம்பெனிகள் சட்டமோ இருக்காது. அதை நீங்கள் உங்கள் நிறுவனத்தின் கம்பெனி செக்ரட்டரியிடமும் ஆடிட்டரிடமும்தான் கற்க வேண்டும். ஐ.எஸ்.ஓ. 27001 லீட் ஆடிட்டர் பயிற்சி ஐந்து நாள் நடக்கிறது. தகவல் பாதுகாப்புக்கு அது நல்ல அறிமுகம், ஆனால் எவ்வளவு காலம் வைத்திருப்பது என்ற கேள்வியை அது உங்கள் தோளிலேயே விட்டுவிடும். தாள் ஆவணங்கள் மிகுதியாக இருந்தால், தில்லியில் தேசிய ஆவணக் காப்பகத்தின் ஆவணவியல் பள்ளி நடத்தும் குறுகிய காலப் படிப்புகளை விசாரியுங்கள். முறையான பட்டம் வேண்டுமென்றால் சென்னைப் பல்கலைக்கழகத்தில் நூலக, தகவல் அறிவியல் துறை இருக்கிறது. வேலையை விடாமல் படிக்க இக்னோவில் தொலைநிலைப் பட்டம் இருக்கிறது.

கட்டணம் செலுத்தும் முன் பயிற்றுநரிடம் ஒன்று கேளுங்கள். உங்கள் நிறுவனத்தின் ஆவணங்களை வகுப்பில் வைத்துப் பயிற்சி தருவாரா, மாதிரி ஆவணங்களை வைத்தா? மாதிரிகளை மட்டுமே வைத்திருப்பவரிடம் கற்பதற்கு நிறைய இருக்கலாம். ஆனால் பொறுப்பேற்றிருக்கும் உங்களுக்கு அது இரண்டாவது பயிற்சியாக இருக்கட்டும். அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். இந்த மாதத்திலேயே ஒரு கொள்முதல், ஒரு விற்பனை, பணியிலிருந்து விலகிய ஓர் ஊழியர் ஆகிய மூன்றை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் உரிய தாளும் கோப்பும் மின்னஞ்சலும் எங்கெங்கே இருக்கின்றன, மூலப்பிரதி யாரிடம், நகல்கள் எத்தனை, எந்த நாள்வரை தேவை என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். விடை தெரியாத இடத்தை வெற்றாக விட்டுவிட்டு, அந்தப் புத்தகத்தோடு பயிற்சிக்குப் போங்கள். வெற்றாக இருக்கும் கட்டங்களையே உங்கள் கேள்விப் பட்டியலாக வைத்துக்கொள்ளுங்கள்.